தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்த கையோடு, கிழக்குத் தாம்பரத்தில் பெண்களுக்கான ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம். ஆஸ்பத்திரி அனுப்பிவிட்டது, ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பவர்கள் தேறும்வரை தங்கும் இடம். கட்டடம், குழாய், மோட்டார், விளக்கு என்று கெட்டுப்போகக்கூடிய எல்லாம் என் பொறுப்பு. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவும் செக்ரட்டரியும் கடவுளும் இருந்தார்கள். மூவருக்கும் கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது.

சேர்ந்த வாரமே கதவுகளைக் கணக்கெடுத்தேன். மருந்தறை, ஸ்டோர், சமையலறை, வார்டு: எல்லாவற்றுக்கும் தாழ்ப்பாள் உண்டு, எல்லாம் வெளிப்பக்கம். நோயாளிகளின் குளியலறைக்கு மட்டும் எந்தப் பக்கமும் இல்லை. "உள்ளே விழுந்துட்டா யாரு தூக்கறது?" என்பார் செக்ரட்டரி. ரிட்டயர்டு அதிகாரி, நல்ல மனிதர். சம்பளம் வாங்காமலே எங்களை வாட்டினார்.

நோயாளிகளில் ஒரு அக்கா, கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பல்லாவரத்தில் நகர ஆரம்பித்த ரயிலில் ஏறப்போய் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். கக்கத்தில் இரண்டு கட்டைகளோடு எங்களிடம் வந்தார். ஆயா எல்லாரிடமும் பேசுவதைப் போலவே அவரிடமும் பேசினார்.

"இன்னா கண்ணு, நாம சாப்ட்டோமா?"

"நீ சாப்பிட்டியான்னு எனக்குத் தெரியாது ஆயா. நான் இன்னும் சாப்பிடல."

ஒரு ஞாயிறு, நன்கொடை தர வந்த குடும்பத்துக்குச் செக்ரட்டரி இடத்தைச் சுற்றிக் காட்டினார். "இது வார்டு, இது குளியலறை" என்று கதவைத் திறந்தார். உள்ளே ஸ்டூலில், தலை நிறைய சீயக்காயோடு அக்கா. நன்கொடையாளர் பதற்றத்தில் கைகூப்பி வணக்கம் வேறு சொன்னார்.

அன்றே அக்கா அறிவித்தார்: "உள்பக்கம் தாழ்ப்பாள் வர்ற வரைக்கும் நான் குளிக்கப் போறதில்ல."

மே மாதம். வாரக் கடைசிக்குள் மொத்த வார்டும் அவர் கட்சிக்கு வந்துவிட்டது. பாதிக் காரணம் கொள்கை, மீதி மூக்கு. செக்ரட்டரி இறங்கிவந்தார்.

நான் ஒரு கொக்கி வரைந்துகொடுத்தேன். உள்ளிருந்து மாட்டிக்கொள்ளலாம். யாராவது விழுந்தால் கதவிடுக்கில் ஸ்டீல் ஸ்கேலை விட்டு வெளியிலிருந்து கொக்கியைத் தூக்கிவிடலாம். "ஒரு தாழ்ப்பாளுக்கு டிராயிங்காம்மா?" என்று சிரித்துவிட்டு, நான் குழாய்ச் சாமான் வாங்க வெளியே போயிருந்த நேரம் செக்ரட்டரியே தச்சரிடம் வாயால் சொல்லியனுப்பினார். திரும்பி வந்து பார்த்தால் பளபளவென்று புதுத் தாழ்ப்பாள். வெளிப்பக்கம்.

"இங்க எல்லாமே வெளிலதானே மேடம் கீது?" என்றார் தச்சர்.

திங்கட்கிழமை மாற்றித் தருவதாகச் சொல்லிப் போனார். நடுவில் ஞாயிறு வந்தது, கமிட்டி விருந்தோடு. மோரை இரண்டு மூன்று டம்ளர் குடித்த செக்ரட்டரிக்கு அவசரம். ஆபீஸ் கழிப்பறையில் விருந்தாளி. வார்டுக் குளியலறையிலேயே கழிப்பறையும் உண்டு, அதற்குள் ஓடினார். அந்தப் பக்கம் வந்த ஆயா, தெருநாய் புகுந்துவிடும் என்று எந்தக் கதவையும் தாழிடாமல் விடாதவர், இதையும் தாழிட்டுவிட்டுப் போனார்.

"யாரது! கதவைத் திற!"

ஆயாவுக்குக் காது மந்தம். கத்துவது யாராக இருந்தாலும் ஒரே பதில்தான். "இன்னாத்துக்குக் கத்திக்கினு கீற? கைவேலையா கீறேன். சமத்தா குந்து, வரேன்."

நான் ஓடி வருவதற்குள் அக்கா கட்டைகளை ஊன்றிக் கதவருகே போயிருந்தார். கை தாழ்ப்பாளில் இருந்தது. ஆனால் இழுக்கவில்லை. மற்றக் கையால் கதவை மெதுவாகத் தட்டினார்.

"திறக்கலாமா சார்?"

உள்ளே சத்தம் நின்றது. பிறகு, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல்: "ஒரு நிமிஷம்மா."

அக்கா காத்திருந்தார். வார்டே காத்திருந்தது. அவர் "சரி" என்ற பிறகுதான் திறந்தார். செக்ரட்டரி யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார். "அந்த டிராயிங் எங்கம்மா?"

மறுநாள் கொக்கி ஏறியது. அக்கா உள்ளே போய் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஆயா வழக்கம்போல் கதவைத் தள்ளினார். அசையவில்லை. வேறு வழியில்லாமல் தட்டினார்.

"கண்ணு, உசுரோட கீறியா?"

"இருக்கேன். போ."

மேல்தொட்டி காலியாகும்வரை குளித்தார். தொட்டி என் பொறுப்பு. மோட்டாரைப் போட்டேன்.