கொள்ளுக்கு வைத்த கல்

நான் பள்ளிக்கூட வேலைக்குக் கார் ஓட்டிப் போவதைப் பார்த்தால் என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரும். தை பிறந்துவிட்டால் ஜேடர்பாளையம் ரோட்டில் மாட்டுவண்டிகூட என்னை முந்திவிடுமாம். பனிக்குள் ஹைபீம் போடமாட்டேன். போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஹாரன் அடித்து, காதாலும் ஓட்டுவேன். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியாயிற்று. இருக்கட்டும்.

எங்கள் பக்கம் கொள்ளுச்செடியைப் பிடுங்கியதும் தார்ரோட்டில்தான் பரப்புவோம். போகிற வண்டிகளே மிதித்துக் கொடுத்துவிடும். உதிர்ந்ததைக் கூட்டிக் குவிக்கும்போது மட்டும், யாரும் ஏற்றிவிடாமலிருக்கச் சுற்றிலும் கல் வைப்போம். சில வருடங்களுக்கு முன் ஒரு தையில், சாயங்காலம் கல்லெடுப்பது என் வேலை. நாளைக்கும் பரப்பத்தானே போகிறோம் என்று ஒரு பெரிய கல்லை அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்தும் பனி விலகவில்லை. பால்காரரின் மொபெட் சத்தம் வந்தது. பிறகு கேன் உருளும் சத்தம். ஓடினேன். கால் மடங்கிக் கிடந்தார், ரோடெல்லாம் பால். நான் முதலில் அவரைத் தூக்கவில்லை. கல்லை வேலியோரம் உருட்டிவிட்டேன். அப்புறம்தான் தூக்கினேன்.

“பனியில கண்ணே தெரியலீங்க அம்மணி. நாந்தானுங்க மெதுவா வந்திருக்கோணும்,” என்றார்.

ஆமாம் என்றேன். என்னை நானே இன்றுவரை மன்னிக்காதது அந்த ஆமாமுக்காகத்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம். பனியில் மறைக்கலாம், நான் மறைத்தேன். அவருக்கு எலும்பு கூடியது, நடை நேராகவில்லை. இப்போதும் எங்களுக்கு அவர்தான் பால். பனிக்காலத்தில் அந்த இடம் வந்தால் எனக்குக் கேன் உருளுவது கேட்கும். காரை நிறுத்தி இறங்கிப் பார்ப்பேன். ரோடு காலியாகக் கிடக்கும். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் பாத்திரத்தோடு வாசலுக்குப் போவேன், பாலை வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

இன்று காலை எப்படியோ வாயில் வந்துவிட்டது. “ஏனுங்க, அன்னிக்கு அந்த ரோட்டுல ஒரு கல்லு...”

அவர் நிமிரவில்லை. “நீங்க உருட்டுனதைப் பாத்தனுங்க அம்மணி. பனின்னாலும் பக்கத்துலதானுங்களே கெடந்தேன்.”

என் கையிலிருந்த பாத்திரம் சாய்ந்தது. அவர் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தி, படியால் அளந்து ஊற்றினார்.

“இன்னிக்கும் பனி கெடக்குது. பள்ளிக்கூடத்துக்குப் பாத்துப் போங்க.”

வழக்கம்போலக் கொசுறும் ஊற்றினார்.