ஊர் நேரத்தில் ஒரு பரீட்சை

போன சனிக்கிழமை அபுதாபியில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து, கையில் இருந்த புத்தகத்தை விரித்து மோந்து பார்த்தேன். எதிரே இருந்த கல்லூரிப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தலை நரைத்த ஆள் புத்தகத்தை மோந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். எனக்குத்தான் ஏமாற்றம், அதில் ஒரு வாசனையும் இல்லை.

புத்தகம் என்றால் நார்த்தங்காய் ஊறுகாய் மணக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவாடு. வாலிபத்தில் நான் வேலை பார்த்த ருவைஸில், தொழிலாளர் கேம்ப்பில் எங்கள் நூலகம் அப்படித்தான் மணக்கும். நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். துணி காயப்போடும் அறையில், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில், கதவு கழன்ற ஓர் இரும்பு அலமாரி, அவ்வளவுதான். லீவில் போகிறவன் திரும்பும்போது ஒரு புத்தகமாவது கொண்டுவர வேண்டும் என்று கேம்ப் தமிழர்கள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் நடுவில் அதைச் செருகிக் கொண்டுவருவார்கள். என்ன புத்தகம் என்பது அவரவர் இஷ்டம். ஒருத்தர் கோழி வளர்ப்பைப் பற்றி ஒன்று கொண்டுவந்தார். சுற்றிலும் மணல், ஒரு கோழி கிடையாது, ஆனாலும் நாங்கள் எல்லாரும் அதைப் படித்தோம்.

என் பாடப் புத்தகங்களும் அந்த வழியில்தான் வந்தன. சிவகங்கைப் பக்கம் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது விசா வந்தது. பாதியில் விட்டுவிட்டு வந்து, ரிஃபைனரியில் ஹெல்பர் ஆனேன். மனசு கேட்கவில்லை. தபால் வழியில் மறுபடி சேர்ந்து, லீவுக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாக எழுதி முடித்தேன். கடைசியில் ஒரே ஒரு பேப்பர் பாக்கி. பழைய பாடத்திட்டத்துக்கு அந்த வருஷத்தோடு சரி, தவறவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, அபுதாபியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை மையம் போட்டிருந்தார்கள். "பாஸ் பண்ணாம ஊருக்கு வரமாட்டேம்மா" என்று போனில் வீராப்பாகச் சொல்லி வைத்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

அந்த நேரம் பார்த்து ஷட்டவுன். பிளான்ட்டை நிறுத்தி ரிப்பேர் பார்க்கிற காலத்தில் யாருக்கும் லீவு கிடையாது. ஃபோர்மன் ஒரு பிகார்க்காரர். "சுட்டி மாஃபி, பாய்", லீவு இல்லை என்று கையை விரித்தார். நான் விடவில்லை. காலையில் பஸ் ஏறும்போது கேட்டேன், சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன், அவர் தொழுதுவிட்டு வரும்போது செருப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். என் ரூம்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக என் டூட்டியைப் பார்ப்பதாக அவரிடம் போய்ச் சொன்னார்கள். "கலாஸ், ஜாவ்!", போதும், போய்த் தொலை என்று ஒரு நாள் கத்திவிட்டுப் போனார். கத்தினால் என்ன, கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம்தான் எங்கள் புத்திசாலித்தனம் வேலை செய்தது. எங்கள் ரூம் கடிகாரம் எப்போதும் ஊர் நேரம்தான் காட்டும். பிள்ளைகள் தூங்குவதற்கு முன்னால் போன் போட வேண்டுமே. இங்கத்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். ஹால் டிக்கெட்டில் காலை பத்து மணி என்று போட்டிருந்தது. அது எந்த ஊர்ப் பத்து? ரூமே கூடி உட்கார்ந்து பேசியது. டைம் கீப்பராக இருந்த யாழ்ப்பாணத்து ஜெயந்தன் தீர்ப்புச் சொன்னான். "கேள்வித்தாள் இந்தியாவில இருந்து வருது. அப்ப இந்திய நேரம்தானே? இஞ்ச எட்டரை." நேரம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனே சொன்னபிறகு யார் மறுப்பது?

அபுதாபி இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு காரை இரவல் வாங்கி, அன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட் என்பதால் விடியும் முன்னே ஜெயந்தனே ஓட்டினான். பாதி வழியில் பனிமூட்டம். லாரிகள் எல்லாம் ஓரத்தில் நின்றுவிட்டன. கார் நகரவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கேட் பூட்டிக் கிடந்தது, ஈ காக்கா இல்லை. அரைமணிக்கு மேல் பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள்.

"என்னை மன்னியும். நான் இன்னும் வெள்ளனக் கிளம்பியிருக்கோணும்" என்றான் ஜெயந்தன். "திரும்புவமா?"

"நீ வேணா போ. நான் இங்கேருந்து நகர மாட்டேன். யார் வந்தாலும் கால்ல விழுந்தாவது எழுதிட்டுத்தான் வருவேன்."

கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மா கைப்பையும் சாவிக்கொத்துமாக டாக்ஸியில் வந்து இறங்கினார். பாய்ந்து போய் வழிமறித்து, பனிமூட்டம், ஷட்டவுன், ஃபோர்மன், எங்கம்மா என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பரீட்சை பத்து மணிக்குத்தானே தம்பி? இன்னும் நேரம் இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கேட்டைத் திறக்கணும்."

ஜெயந்தன் காரின் மேல் சாய்ந்து அப்படிச் சிரித்தான். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு உள்ளே போய் எழுதினேன், பாஸும் பண்ணினேன். ரிசல்ட் வந்த அன்றைக்கு மெஸ்ஸில் பாயசம். "நாம பாஸாயிட்டோம்" என்றுதான் ரூமில் எல்லாரும் சொன்னார்கள். ஒருத்தர்கூட "நீ" என்று சொல்லவில்லை.

அந்த டிகிரிதான் என்னை ஆபீஸ் வேலைக்குக் கொண்டுவந்தது. கேம்ப்பை இடித்து வருஷங்கள் ஆகின்றன. ஜெயந்தன் கனடா போனான். மற்றவர்கள் விசா முடிந்து அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். வாட்ஸப்பில் காலை வணக்கம் மட்டும் வருகிறது.

இப்போது எம்.ஏ. படிக்கிறேன். இந்த வயதில் எதற்கு என்று ஆபீஸில் கேட்கிறார்கள், கேட்கட்டும். அடுத்த மாதம் பரீட்சை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் ஃபிளாட்டிலேயே எழுத வேண்டும். நேற்று விதிமுறைகள் வந்தன. எழுதுகிறவரைத் தவிர அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாதாம். கேமராவைச் சுற்றிலும் திருப்பிக் காட்ட வேண்டுமாம். காட்டுகிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும், ஒருத்தரும் இல்லை.