பதினோரு குழாய் ரத்தம்

தெருவில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். கோர்ட்டுப் படி ஏறியவள் இல்லை. எதைக் கேட்டாலும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவாள், அப்பீலுக்கு இடமிருக்காது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி புதுத் திரைச்சீலையைக் காட்டி எப்படி என்று கேட்டால், "பழசே தேவல" என்பாள். கேட்டவள் முகம் சுருங்கினாலும் சரி, மாற்றிச் சொல்ல மாட்டாள்.

அவள் புருஷன் லேத்துக்காரர். மூன்று தெரு தள்ளி இருந்த பட்டறையில் பதினாறு வருஷமாக ஒரே லேத்தில் நின்றவர். செம்போடு பெரிலியம் கலந்த உலோகக் கம்பியைக் கடைந்து வெல்டிங் மிஷினுக்கு முனை செய்வது வேலை. இரண்டு வருஷமாக இருமல். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, சுவரில் ஏதோ விரிசலைப் பார்ப்பது போலப் பாசாங்கு செய்வார். டிபி என்று எட்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் மாத்திரை நிற்கவில்லை. எடை எழுபதிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. இன்னும் மூன்று மாதத்தில் ஊசி ஆரம்பிக்கலாம் என்றார்கள்.

"இது டிபி இல்ல" என்றாள் ஜட்ஜம்மா. பின்னே என்ன என்று கேட்டால் மட்டும் அவளிடம் தீர்ப்பு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி டாக்டர் ஊருக்கு வந்தார். ஒல்லியான பெண், ஒரு கையில் பெட்டி, மறு கையில் கத்தைக் காகிதம். பெரிலியம் தூளைச் சுவாசிப்பவர்களில் சிலருக்கு மட்டும் நுரையீரல் கெட்டுப்போகிறது, பார்க்க டிபி மாதிரியே இருக்கிறது. அது யார் யார் என்று ரத்தத்தைக் கொண்டே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி அவருடையது. பட்டறைக்குள் ஊசி குத்த இடம் கிடையாது என்று முதலாளி கையை விரித்துவிட்டார்.

"என் வீட்டுக் கூடத்துல குத்துங்க" என்றாள் ஜட்ஜம்மா. "நாலு நாற்காலி இருக்கு. மயங்கி விழறவங்களுக்குப் பாய் போட்டு வெக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் வந்தார்கள், அவள் புருஷனோடு பதினோரு பேர். போர்மேன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

"என்ன அண்ணே, இரும்பையே வெட்டற ஆளு ஊசிக்கா பயப்படறீங்க?" என்றாள் ஜட்ஜம்மா.

"இரும்பு கத்தாது தங்கச்சி. நான் கத்துவேன்."

பதினொரு மணிக்குள் வேலை முடிந்தது. பட்டறைக் காற்றில் எவ்வளவு தூள் இருக்கிறது என்று அளக்க அனுமதி வாங்க, டாக்டர் முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். "பெட்டி இங்கயே இருக்கட்டும்க்கா. வெயில் படாம பாத்துக்குங்க. நாலு மணிக்குப் பார்சல்காரர் வருவாரு. நாளைக்குக் காலைல லேப்ல இருக்கணும்."

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. ஜட்ஜம்மா பெட்டியைப் பார்த்தாள். பாலே மதியத்துக்குள் திரிந்துபோகிற வெக்கை, மனுஷ ரத்தம் தாங்குமா? படித்தவர்களுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, பதினோரு குழாயையும் எடுத்து, பால் பாத்திரத்தை நகர்த்திவிட்டு, ஃபிரிட்ஜில் அடுக்கினாள். மூன்றே முக்காலுக்குத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினாள். பெட்டி மூடியில் இங்கிலீஷில் என்னமோ எழுதியிருந்தது. அதைப் படிக்க அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அவளுக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து டாக்டர் சுருங்கிய முகத்தோடு வந்தார்.

"எல்லாம் வீணாப் போச்சுக்கா. வெள்ளணுக்கள் உயிரோட போய்ச் சேரணும். அதுங்களோட பெரிலியத்தைக் கலந்து வெச்சா, அந்த உடம்புக்கும் பெரிலியத்துக்கும் பகை இருந்தா அணுக்கள் பெருகும். இல்லன்னா சும்மா இருக்கும். சும்மா இருக்கா, செத்துக் கிடக்கான்னு தெரியணும்ல? அதுக்கு வேற ஒரு மருந்து ஊத்திப் பாப்போம். உயிருள்ள அணு எதுவா இருந்தாலும் அதுக்கு முழிச்சுக்கும். உங்க பதினோரு குழாயும் முழிக்கவே இல்ல."

"ஏன் முழிக்கல?"

"குளிர் பட்டிருக்கும். பார்சல்காரர் ஐஸ் பெட்டியோட சேத்து ஏத்திட்டாருபோல. அவர் மேல புகார் எழுதிட்டேன். இந்த வருஷம் லேப்ல இன்னும் ஒரே ஒரு தடவைதான் இடம் இருக்கு. இவங்க திரும்ப ரத்தம் தரலன்னா அந்த இடத்தை வேற ஊருக்குக் கொடுத்துடுவாங்க."

உள்ளே புருஷன் இருமும் சத்தம் கேட்டது. ஜட்ஜம்மா ஃபிரிட்ஜைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் செய்யாத தப்புக்கு அந்தப் பார்சல்காரர் மாட்டிக்கொள்வார்.

"புகாரைக் கிழிச்சிப் போடுங்க" என்றாள். "நாலரை மணி நேரம் நான்தான் ஃபிரிட்ஜுல வெச்சிருந்தேன்."

டாக்டர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு, "வெயில் படக் கூடாதுன்னு மட்டும்தான் நான் சொன்னேன். குளிரும் படக் கூடாதுன்னு சொல்லலியே. பாதித் தப்பு என்னோடதுக்கா" என்றார்.

"பாதியை வெச்சு நான் என்ன பண்ண? பதினோரு கை வேணும்ல. நான் கூட்டிட்டு வரேன்."

"கொண்டு போய் எங்க வெச்ச?" என்று உள்ளிருந்து புருஷன் கேட்டார்.

"பால் பக்கத்துல. நீங்க இருமிட்டு இருங்க, நான் பேசிட்டிருக்கேன்ல."

அன்று சாயங்காலமே செருப்பை மாட்டினாள். தப்பு என்னுடையது என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து தெரு கேட்டதே இல்லை. பத்து வாசலில் பத்துத் தடவை சொன்னாள். எட்டுப் பேர் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்கள். ஒருவர், "எனக்கு ஒண்ணும் இல்லியே, எதுக்கு?" என்றார். "இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான்" என்றாள். கடைசியில் போர்மேன் வீடு.

"அட, ஜட்ஜம்மாவே குத்தவாளிக் கூண்டுல ஏறிட்டீங்களே!"

"ஏறிட்டேன் அண்ணே. ஆனா தண்டனை உங்களுக்குத்தான். ஞாயித்துக்கிழமை கையை நீட்டுங்க."

போர்மேன் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி வெளியே வந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்தவர் அவர்தான்.

இந்தத் தடவை ஜட்ஜம்மா பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வெயில் நகர நகரப் பெட்டியும் நகர்ந்தது. பார்சல்காரரிடம் ஐஸ் பெட்டிக்கும் இதற்கும் நடுவில் இரண்டு முழம் இடைவெளி வேண்டும் என்று சொல்லி, தானே அவர் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்த பிறகுதான் விட்டாள்.

அணுக்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. எட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை, போர்மேன் உள்பட. மூன்று பேருடைய அணுக்கள் பெரிலியத்தைக் கண்டதும் பெருகித் தள்ளின. லேத்துக்காரருடையது அதில் ஒன்று. மூன்று பேர்தானே என்று லேப்பில் இடம் கொடுத்து, மறுபடி ஒரு தடவை எடுத்துப் பார்த்தார்கள், அதே பதில். நகரத்து ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு நுரையீரலில் துளி சதை எடுத்தார்கள். டிபி இல்லை, பெரிலியம் நோய் என்று எழுத்தில் வந்தது. ஊசி ரத்தானது, பழைய மாத்திரைகள் நின்றன, வேறு மாத்திரை வந்தது.

"முழுசா குணமாகாது. ஆனா இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தப் பாக்கலாம்" என்றார் டாக்டர். "அந்தத் தூள் பக்கமே போகக் கூடாது."

லேத்துக்காரர் முகம் விழுந்துவிட்டது. "லேத்த விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

"தெரியாட்டி கத்துக்குங்க" என்றாள் ஜட்ஜம்மா. "லேத்த வேற ஆளு ஓட்டுவான். உங்க மூச்ச வேற ஆளா விடுவான்?"

மறுநாள் காகிதத்தோடு அவரையும் கூட்டிக்கொண்டு முதலாளி முன் போய் நின்றாள். மற்ற இரண்டு பேரும் பின்னால் நின்றார்கள்.

"ஆராய்ச்சிக்காரங்க ஆயிரம் சொல்லுவாங்கம்மா" என்றார் முதலாளி.

"அப்ப ஒரு வாரம் நீங்களே அந்த லேத்துல நில்லுங்க முதலாளி. அப்புறம் பேசுவோம்."

முதலாளி லேத்தைப் பார்த்தார், தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் ஒவ்வொரு லேத்துக்கும் மேலே தூளை உறிஞ்சும் குழாய் வந்தது. மூன்று பேருக்கும் தெருவின் எதிர்ப்பக்கம் இருந்த ஆபீஸ் அறையில் வரைபடம் பார்த்து ஆர்டர் குறிக்கும் வேலை. லேத்துக்காரருக்கு உட்கார்ந்த வேலை ஒட்டவில்லை. பட்டறையில் யாராவது காற்றுக் குழாயால் மிஷினை ஊதப் பார்த்தால், ஜன்னல் வழியாகவே கத்துவார்: "காத்தடிக்காதய்யா! ஈரத்துணியால தொட!"

மதியச் சாப்பாடு கொண்டுபோகும் ஜட்ஜம்மா வாசலில் நின்று காதைக் கொடுப்பாள். முதல் மாதம் ஒரு தடவை கத்தினால் மூன்று தடவை இருமினார். இப்போதெல்லாம் மூன்று தடவை கத்துகிறார், ஒரு தடவைதான் இருமுகிறார்.