பதினான்கு வீட்டுச் சாவி

“ஓசூருக்கு ரயில்ல எவ்வளவு நேரம்ட்டி ஆவும்?”

ஆபீசுக்குக் கிளம்பிய கோகிலவாணி வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கையை நீட்டியபோது பேராச்சி அத்தை இப்படித்தான் ஆரம்பித்தாள்.

“பெங்களூரு வரைக்கும் ஒரு நாள் அத்தை. அங்கேருந்து பஸ்.”

“அங்க என்ன பாஷை பேசுவாவ?”

“தமிழ்நாடுதான? தமிழ்தான். கன்னடம், தெலுங்கு எல்லாம் கலந்து இருக்குமாம்.”

“அப்ப நம்ம தாராவி மாதிரின்னு சொல்லு.” அத்தை சாவியை வாங்கிக்கொண்டாள். “செல்வன் அங்க புது வீடு பாத்துருக்கான். எனக்குன்னு ஜன்னல் வச்ச தனி ரூமாம். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நான் என்ன செய்யப் போறேன்?”

“தூங்குங்க.”

“தூங்குததுக்கு ஜன்னல் எதுக்கு?”

கோகிலா சிரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். “உங்களுக்குப் போகணும்னு இருக்கா அத்தை?”

அத்தை சாவியைச் சுவர்ப் பலகையில் அதன் ஆணியில் மாட்டி, அது ஆடி நிற்கும்வரை பார்த்தாள். “ஒரு மாசம் போய் இருந்து பாத்துட்டு வாரேன். பெத்த பிள்ளை கூப்பிடுதான். பாக்காமலே எப்படி வேண்டாம்னு சொல்ல? ஓடு, பஸ்ஸு போயிரும்.”

அந்த ஆணிப் பலகையைச் சொல்லாமல் பேராச்சியைச் சொல்ல முடியாது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய சந்து அது. அங்கே பதினான்கு வீட்டுக்காரர்கள் காலையில் வேலைக்குப் போகும்போது சாவியை அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். தோல்பைப் பட்டறையிலிருந்து பைகளை வாங்கிவந்து, பிசிறு நூல் வெட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. பகலெல்லாம் வாசலில் இருப்பவள் என்பதால் ஒன்று இரண்டாகி, இரண்டு பதினான்காகிவிட்டது. குழாயில் தண்ணீர் வந்ததும் ஆளில்லாத வீடுகளைத் திறந்து டிரம்களை நிரப்புவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவளைக் கேட்காமலே தங்கள் சாவியை எடுத்துக்கொண்டு போகும்.

பலகையில் பேர் எதுவும் கிடையாது. ஒவ்வொரு சாவியிலும் பட்டறைத் தோல்துண்டு ஒன்றை வெட்டிக் கோத்திருந்தாள். ஆட்டோ ஓட்டும் கணேசபாண்டியனுக்குச் சக்கரம். சமோசா போட்டு விற்கும் சாதியாவுக்கு முக்கோணம். கோகிலாவுக்கு மூடிய உதடு. “நீதான் வாயவே தொறக்க மாட்டேங்கியே” என்பாள்.

அவள் பிறந்ததும் அந்தச் சந்தில்தான். பேச்சு மட்டும் அம்மா வழியில் வந்த திருநெல்வேலிப் பேச்சு. புருஷன் போனபிறகு ஒற்றைப் பிள்ளை தமிழ்ச்செல்வனை அங்கேயே வளர்த்தாள். நிமிர்ந்து உட்கார முடியாத பரணில் கவிழ்ந்து படுத்துப் பாடம் படித்த பையன், ஓசூரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் சேர்ந்தான். இரண்டு படுக்கையறை வீடு பிடித்ததும் ஜன்னல் உள்ள அறையை அம்மாவுக்கென்று ஒதுக்கினான். அவளுக்கு முட்டிவலி, அங்கே லிஃப்ட் இருந்தது. அவன் கூப்பிட்டதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

அத்தை ஊருக்குப் போன நாளிலிருந்து சந்து தடுமாறியது. கணேசபாண்டியன் இரண்டு தடவை சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டு, சொந்த வாசற்படியில் திருடனைப்போல முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோகிலா வீட்டு டிரம் பாதி நாள் காய்ந்து கிடந்தது.

பத்தொன்பதாம் நாளே அத்தை பையோடு வந்து நின்றாள்.

“என்னக்கா, ஓசூர் விசா முடிஞ்சிட்டா?” என்றார் கணேசபாண்டியன்.

“ஒன் பூட்டை ஒடைக்க ஆள் வேணுமாமே, அதான் வந்தேன்” என்றாள் அத்தை.

நடந்ததைக் கோகிலாவிடம் மட்டும் சொன்னாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் கொத்தமல்லி வாங்கக் கீழே போகப் புறப்பட்டாளாம். வீட்டைப் பூட்டியதும் கை தன்னால் பக்கத்து வீட்டு மணியை அடித்துவிட்டது. கதவைத் திறந்த பெண்ணிடம் சாவியை நீட்டி, “தண்ணி வந்தா தொறந்து பிடிச்சு வையிம்மா” என்றாள். அந்தப் பெண் சாவியைத் தொடவில்லை. செக்யூரிட்டியைப் போனில் கூப்பிட்டாள். அவன் வந்து, எந்த வீடு, யாரைத் தேடி வந்தாய் என்று அத்தையை நிற்கவைத்துக் கேட்டான்.

“அந்தப் பிள்ளையைக் குத்தம் சொல்ல மாட்டேன்” என்றாள் அத்தை. “பேரு தெரியாத கெழவி சாவியை நீட்டுனா யாரா இருந்தாலும் பயப்படத்தான் செய்வா. நான்தான் கோட்டிக்காரி. அங்க இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி வருது!”

தன்னைத்தானே கிண்டல் செய்து சிரித்தாள். பிறகு செல்வன் அனுப்பியிருந்த ஒரு செய்தியை எடுத்து நீட்டினாள். “எல்லாம் சரியாயிட்டும்மான்னு சொல்லி அனுப்பினான். இங்கிலீஷுல்லா? படிச்சுச் சொல்லு.”

அந்தக் கட்டடத்துக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அவன் எழுதிப் போட்டது. ஏழாவது வரை தமிழிலும் அதற்குமேல் இங்கிலீஷிலும் படித்த கோகிலாவுக்கு இரண்டு வரியை மொழிபெயர்ப்பது பெரிய காரியமில்லை. ஆனாலும் நேரமெடுத்தாள்.

“தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்கன்னு போட்டிருக்கு அத்தை. அம்மாவுக்குப் பழக்கமில்லை, இனிமே நடக்காதுன்னு.”

“பழக்கமில்லைன்னா போட்டுருக்கான்?” அத்தை பலகையைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்கு இதைத் தவிர வேற என்னட்டி பழக்கம்?”

மறுநாள் காலையில் பதினான்கு சாவியும் ஆணிக்கு வந்துவிட்டன.

ஓசூருக்கே வந்து இருந்துவிடச் சொல்லி செல்வன் தினமும் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொன்னால் டிக்கெட் போட்டுவிடுவதாகச் சொன்னான். தினமும் அவள் மழையைப் பற்றியும் மருமகளின் இருமலைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை, முட்டியைப் பிடித்துக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், “இன்னும் அஞ்சு வருசம் கழிச்சு இந்தக் கால் என்ன சொல்லுமோ” என்றாள். அன்று கோகிலா, அத்தை போய்விடுவாள் என்றே நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை அவள் வீட்டுக்கே வந்து போனை நீட்டினாள். யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத பெண்ணிடம் அப்படி ஒரு வேலை.

“நான் வரலைன்னு செல்வன்கிட்ட நீ சொல்லு.”

“நானா? நீங்க சொல்றதுதான அத்தை முறை?”

“நான் சொன்னா அவன் அழுவான். பொறவு நானும் அழுவேன், டிக்கெட் போடுன்னு சொல்லிருவேன். நீ தமிழ்ல சொல்லாத. இங்கிலீஷ்ல சொல்லு, ஆபீசு சமாச்சாரம் மாதிரி கேட்டுக்கிடுவான். அந்தச் சாவி விசயத்தால இல்ல, கோவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு. கால் முடியாமப் போனா நானே கூப்பிடுவேன்னு சொல்லு.” வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். “இதெல்லாம் பொறவு. மொதல்ல, அந்த ரூமு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லிருட்டி.”