புளிச்சக்கீரைக்கு எரிந்த விளக்கு

கண்ணாடிக் குழலை இரண்டு கைகளாலும் ஏந்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்க்கிறார் ஸ்டீபன். கைகளில் வெள்ளைப் பருத்தி உறை. எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து ஒரே பக்கமாகத் துடைக்கிறார். முன்னும் பின்னும் தேய்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "வெறுங்கையால தொட்டா ரேகை ஒட்டிக்கும். ரேகை கீற எடத்துல லைட்டு பூராது. அந்த சந்துல பூச்சி தப்பிச்சிக்கினு பூடும்" என்பார். பூச்சி என்று அவர் சொல்வது கண்ணுக்குத் தெரியாத கிருமியை.

கவரைப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது அந்தக் கூடாரம். சென்னை ஓட்டல்களுக்குக் கீரை அனுப்புகிறார்கள். மண் என்பதே கிடையாது. வெள்ளைக் குழாய்களில் துளை போட்டுச் செடி வைத்திருக்கிறார்கள். உரம் கலந்த தண்ணீர் குழாய்க்குள் ஓடி வேரை நனைத்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்புகிறது. ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால், ஒரு செடிக்கு வந்த வேரழுகல் இரண்டே நாளில் எல்லாச் செடிக்கும் வந்துவிடும். அதற்காகத்தான் வழியில் ஓர் எவர்சில்வர் உருளை, அதற்குள் கண்ணாடிக் குழல், குழலுக்குள் புற ஊதா விளக்கு. தண்ணீர் அதைச் சுற்றிக் கடக்கும்போது கிருமி சாகிறது.

அந்த விளக்கைப் பற்றி ஸ்டீபனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் பதினெட்டு வருடம் வெல்டராக இருந்தவர். "இந்த லைட்டு எனக்குப் பழைய தோஸ்த்து. கண்ணாடி போடாம ஒரு நாளு வெல்டிங்கைப் பாத்துட்டேன். விடிய விடிய கண்ணுல மண்ண வாரிப் போட்டாப்ல இருந்துச்சி. அதே சரக்குதான் இதுவும்" என்று அறிமுகப்படுத்துவார். உருளையைத் திறக்குமுன் சுவிட்சை அணைப்பார். பிளக்கையும் பிடுங்கிச் சட்டைப் பையில் நுனியைச் செருகிக்கொள்வார். வேறு யாரும் மறந்துபோய் மாட்டிவிடக் கூடாதே.

விளக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் எரிந்தால் போதும் என்பது அவராகக் கண்டுபிடித்த கணக்கு. அதற்கு மேல் எரிந்தால் கிருமியோடு உரத்தில் இருக்கும் இரும்புச் சத்தும் கெட்டு, துருவாகக் கண்ணாடியில் படிந்துவிடும். இரும்பு கிடைக்காத செடியில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை வெளுக்கும். முதல் வருடம் ஒரு வரிசையே அப்படிப் போன பிறகு, உருளையின் மேல் மார்க்கரால் எழுதிவைத்தார்: "3 மணி. மேல வேணாம்."

கடைசிக் குழாய் மட்டும் ஓட்டலுக்கு இல்லை. முதலாளியிடம் கேட்டு வாங்கிய இடம். அதில் புளிச்சக்கீரை. ஸ்டீபனின் மனைவி மெர்சிக்கு ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் பக்கம். புளிச்சக்கீரை இல்லாமல் சோறு இறங்காது. மகளின் நர்சிங் படிப்புக்காக, இரண்டு வருடம் என்று சொல்லிக் குவைத்தில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளப் போனவர். அந்த அம்மாளைப் பெரியம்மா என்றுதான் சொல்வார். மகள் படிப்பை முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். மெர்சி இன்னும் வரவில்லை. இது நாலாவது வருடம். லீவு கிடைத்துவிட்டது என்று அவர் சொல்லும் போதெல்லாம், அந்தத் தேதியிலிருந்து முப்பத்தைந்து நாள் பின்னோக்கி எண்ணி ஸ்டீபன் விதை போடுவார். ஐந்து தடவை லீவு தள்ளிப்போனது. ஐந்து தடவையும் முற்றிய கீரையை அறுத்து, கூடாரத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

இது ஆறாவது தடவை. இந்த முறை டிக்கெட்டே போட்டாகிவிட்டது. பக்கத்து வரிசையில் இரண்டு செடியின் வேர் பழுப்பாக அழுகத் தொடங்கியிருப்பதைப் பார்த்த அன்று ஸ்டீபனுக்குச் சோறு இறங்கவில்லை. விளக்கைப் போட்டார். மூன்று மணி நேரம் கழித்து அணைக்கப் போனவர், சுவிட்சில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். எட்டு நாள் அது அணையவே இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் கீரை கட்டும் ரோசம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னா ஸ்டீபண்ணா, உன் பொண்டாட்டி கீரைக்குக் காமாலை வந்துக்குது?"

ஸ்டீபன் ஓடிவந்து குனிந்தார். கொழுந்தெல்லாம் எலுமிச்சை நிறம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு உருளையைத் திறந்து குழலை உருவினார். அதன்மேல் தேநீர்க் கறை போலத் துரு.

"ஊருக்கெல்லாம் மூணு மணி நேரம்னு எழுதி வெச்சியே, நீயே படிக்கலியா?"

"கம்முனு இரு ரோசம்மா. அவ வர இன்னும் பத்து நாள் கீது. இரும்பு ஊத்துனா புதுக் கொழுந்து பச்சையா வரும்."

"அக்கா வந்து உன்னைப் பாக்கப்போவுதா, கீரையைப் பாக்கப்போவுதா?"

ஸ்டீபன் குழலைத் துடைத்து மாட்டிவிட்டு, சிவப்பு இரும்பு உரத்தை அளந்து கரைத்துத் தொட்டியில் ஊற்றினார். ஆறாம் நாள் கொழுந்து பச்சை காட்டியது. ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மதியம் ஒன்றரை. மெர்சி பேசும் நேரம்.

"மாமா, சாப்டியா?"

"ஆச்சி. நீ?"

"கீரை எப்டிக்குது?"

"சூப்பரா கீது. தளதளன்னு."

"மாமா... பெரியம்மா பாத்ரூம்ல விழுந்துட்சி. இடுப்பு எலும்பு. நான் இப்ப கெளம்புனா..." என்றார் மெர்சி. மீதி கேட்கவில்லை. அந்த வீட்டு ஆட்கள் யாரோ அறைக்குள் வந்துவிட்டார்கள் போல. குரல் முணுமுணுப்பாகத் தேய்ந்துவிட்டது.

கூடாரத்துக்குள் பம்பின் இரைச்சலில் தாழ்ந்த குரல் எதுவும் காதில் விழாது. எப்போதும் போனோடு வெளியே ஓடிவிடுவார் ஸ்டீபன். இன்று கடைசிக் குழாயிலிருந்து வாசல் இருபது தப்படி தூரத்தில் இருந்தது. மெர்சி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தச் சித்திரை வெயிலில் பம்ப் நின்றால் கால் மணி நேரத்தில் வேர் காயத் தொடங்கிவிடும். மின்சாரம் போனால் தட்டில் போட்ட சோற்றை விட்டுவிட்டு ஜெனரேட்டருக்கு ஓடுகிற மனிதர், கையை நீட்டிப் பக்கத்தில் இருந்த சுவிட்சில் பம்பை அணைத்தார். குழாய்களில் தண்ணீர் சொட்டி அடங்கியது.

"அண்ணா, பம்ப் நின்னுட்சி!" என்று ரோசம்மாள் கத்திக்கொண்டே வந்தாள்.

ஸ்டீபன் ஒரு கையைச் சுவிட்சின் மேலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.