வாத்துக் கூட்டில் ஒரு பூட்டு

ஆட்டுக் கொட்டகையின் மூலையில் ஒரு பழைய லாரி டயர் கிடக்கிறது. அதற்குள் வைக்கோல், வைக்கோலின் மேல் பதின்மூன்று முட்டைகள், முட்டைகளின் மேல் ஒரு வாத்து. முட்டைகளுக்கு நடுவே ஒரு பூட்டு. சூட்கேஸுக்குப் போடுகிற சின்னப் பூட்டுதான், துருவேறிப் பழுப்பாகிவிட்டது. பக்கத்தில் ஒரு துண்டு அடுப்புக்கரியும் ஒரு வரமிளகாயும். அடை வைக்கும்போது கரி, மிளகாய், இரும்பு மூன்றும் கூட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடிச்சத்தத்தில் முட்டை கெட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். இதை நம்புகிறாயா என்று என்னைக் கேட்க வேண்டாம். இந்த முறை மிளகாய் வைத்தது நான்தான்.

மற்ற வீடுகளில் இரும்பு என்றால் ஒரு ஆணியோ உடைந்த அரிவாள் துண்டோ இருக்கும். எங்கள் வீட்டில் அது பூட்டானதற்கு அண்ணன்தான் காரணம்.

எங்கள் தோட்டம் கீரமங்கலத்திலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால், புயலில் தென்னை முழுக்கச் சாய்ந்த பிறகு, அண்ணன் குவைத்திலிருந்து நீண்ட விடுப்பில் வந்தான். அங்கே ஏசி மெக்கானிக். வந்த முதல் வாரம் முழுவதும் சாய்ந்த மரங்களை அறுத்து ஒதுக்கினான், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் எப்போதுமே அப்படித்தான். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் மறுநாள். மரங்களை ஒதுக்கி முடித்த அன்று, சாப்பிட்டுக்கொண்டே, "நா திரும்பிப் போகல ஆத்தா. இங்கிட்டே இருந்துக்கிறேன்" என்றான். ஆத்தா குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். என் அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, கரண்டிதான் உயரும்.

அடுத்த சந்தையில் ஒரு ஆண், இரண்டு பெண் என்று மூன்று மஸ்கோவி வாத்துகளைச் சாக்குப் பையில் போட்டு வாங்கி வந்தான். முகம் முழுக்கச் சிவப்புச் சதை. நடையில் ஒரு மிதப்பு. வந்த அன்றே ஆண் வாத்து தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு ஆத்தாவிடம் போய் புஸ்ஸென்றது. "இது என்னடா, வாத்தா பாம்பா? கத்தக்கூடத் தெரியல" என்றாள். கத்தாது என்பதுதான் அண்ணனுக்குப் பிடித்திருந்தது. ஆளுக்கேற்ற வாத்து என்று நான் சொன்னேன், முறைத்தான்.

எங்களிடம் அப்போது இரண்டு பசு, ஏழு ஆடு, கொஞ்சம் நாட்டுக்கோழி. வாத்துகள் வந்ததும் மாட்டுக்குச் சந்தோஷம், ஆட்டுக்குச் சங்கடம். மாடு படுத்திருக்கும்போது வாத்து அதன் கால் பக்கம் நின்று ஈயை ஒவ்வொன்றாகக் கொத்தும், மாடு வாலைக்கூட அசைக்காது. ஆட்டுத் தண்ணீர்த் தொட்டியில்தான் தகராறு. வாத்து ஒரு முறை மூக்கை விட்டுக் கலக்கினால் போதும், ஆடுகள் மோந்து பார்த்துத் தும்மிவிட்டுத் திரும்பிவிடும். ஆடு தாகத்தோடு கத்த, ஆத்தா வாத்தைத் திட்ட, அண்ணன் ஆட்டுத் தொட்டியைச் செங்கல் வைத்து உயரத்தில் தூக்கினான். வாத்து பறந்து போய் அதில் உட்கார்ந்தது. பறக்கும் என்று யார் கண்டது! அதற்குப் பிறகு தொட்டிக்கு மேல் கம்பி வலை கட்டினான், ஆட்டின் வாய் மட்டும் நுழைகிற மாதிரி.

இதையெல்லாம் பார்த்தபிறகும் ஆத்தா இறங்கி வரவில்லை. அவள் கணக்கில் தென்னை போன தோட்டம் போனதுதான். வீடு கூரை போடாமல் நின்றது. நான் பி.எட். சேர்ந்திருந்தேன். "வாத்தையும் ஆட்டையும் வச்சுக்கிட்டு மூணு பேரு எப்படிடா பொழைக்கிறது?" என்பாள். ஒரு நாள் அவன் விடாமல் பேசினான், குஞ்சு பொரித்து விற்கலாம், சந்தையில் நல்ல கேட்பு என்று. அவன் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. ஆத்தா கடைசியில், "சரி. ஒன் வாத்து மொதல்ல பொரிக்கட்டும். பொரிச்சா இரு, நா வாயத் தொறக்கல" என்றாள். பேச்சை முடிப்பதற்காகச் சொன்னதுதான். அவன் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டான்.

மாசியில் ஒரு பெண் வாத்து பன்னிரண்டு முட்டையோடு டயருக்குள் உட்கார்ந்தது. கரி வைத்தாயிற்று, மிளகாய் வைத்தாயிற்று, இரும்புக்கு ஆணி தேடினேன். அண்ணன் உள்ளே போய்த் தன் சூட்கேஸ் பூட்டைக் கழற்றி வந்து கூட்டில் வைத்தான். "இனி அதுக்கு என்ன வேலை" என்றான். ஆத்தா பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோழிக்கு இருபத்தோரு நாள், வாத்துக்கு இருபத்தெட்டு நாள். வாத்து மேய்க்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர், இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கையில் ஃபோன் இருந்தது, தெரிந்த விஷயத்தை எதற்குத் தேட வேண்டும்? விசாவும் எங்களோடு சேர்ந்து நாள் எண்ணியது. ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் அது செத்துவிடும். கடைசி நாளுக்கு டிக்கெட் போட்டிருந்தான். அந்தக் கடைசி நாள் அடையின் முப்பத்து மூன்றாம் நாள். இருபத்தெட்டில் பொரித்துவிட்டால் டிக்கெட்டைக் கிழித்துப் போடலாம், ஐந்து நாள் கைவசம் இருக்கிறது என்பது அவன் நினைப்பு.

இருபத்தெட்டு வந்தது, போனது. வாத்து தினமும் ஒரு முறை எழுந்து போய்க் குளித்துவிட்டு ஈர உடம்போடு வந்து முட்டை மேல் உட்காரும். "ஈரத்தோட அடையில ஒக்காந்தா முட்டை வெளங்குமா?" என்று ஆத்தா முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தக் கோழியும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. முப்பதாம் நாள், வாத்து குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் குலுக்கினாள். பிறகு அண்ணன் காதில் வைத்துக் குலுக்கினாள். கொளக் கொளக்கென்றது. எருக்குழியில் போட்டாள், உடைந்தது, நாற்றம் கொட்டகை வரைக்கும் வந்தது. "ஒண்ணு கூமுட்டைன்னா எல்லாம் கூமுட்டைதான்டா." அடுத்ததை எடுக்கப் போனபோது வாத்து திரும்பி வந்து அவள் கையைக் கவ்விவிட்டது. அண்ணன் டயர் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

முப்பத்து மூன்றாம் நாள் கிளம்பினான். பூட்டை எடுக்கக் கை நீட்டினான், வாத்து விடவில்லை. சூட்கேஸை நைலான் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினான். "அள்ளிக் கொட்டிடு புள்ள. அது பாட்டுக்குப் பட்டினி கெடக்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கார் ஏறினான். எனக்கு வாத்துக் கடிக்குப் பயம், சோம்பேறித்தனமும் உண்டு. இன்று, நாளை என்று தள்ளினேன்.

முப்பத்தைந்தாம் நாள் விடியற்காலையில் ஒன்பது குஞ்சுகள் டயரைச் சுற்றி நின்றன.

இந்த இன வாத்துக்கு முப்பத்தைந்து நாள். அப்புறம்தான் தேடிப் படித்தேன். பருந்துக்குப் பயந்து குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு அடுப்படியில் வைத்தோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணனுக்கு ஃபோன் போடலாமா என்று கேட்டேன். ஆத்தா பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "சொல்லாத. தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருவான்" என்றாள். மதியம் அவனே கூப்பிட்டான். போய்ச் சேர்ந்தது, அறை, சாப்பாடு எல்லாம் சொல்லிவிட்டு, "வாத்து என்னாச்சாத்தா?" என்றான். "எல்லாம் கூமுட்டைடா. அள்ளிப் போட்டாச்சு." ஃபோனை என்னிடம் கொடுத்தாள். "ஆமாண்ணே" என்றேன். ஆத்தா சொல்லச் சொன்னாள் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். அது பாதிதான். அவன் வந்துவிட்டால் என் படிப்பு என்னாகும் என்ற பயம் அந்த ஒரு நொடியில் எனக்கு வந்தது. மீதிப் பாதி அதுதான்.

கூரை ஏறியது. நான் படித்து முடித்தேன், அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அண்ணனுக்குப் பெண் பார்க்கிற பேச்சு ஒவ்வொரு வருடமும் எழுந்து, அடுத்த விடுப்பில் பார்ப்போம் என்று அடங்கியது. நடுவில் ஒரே ஒரு முறை வந்தான். கொட்டகையில் முப்பது வாத்து நின்றது. "அடுத்த வருசம் மறுபடி அடை வச்சோம்டா, பொரிச்சிருச்சு" என்றாள் ஆத்தா. தலையாட்டினான். பூட்டை நான் ஆணி டப்பாவின் அடியில் போட்டு வைத்திருந்தேன்.

இந்தத் தையில் ஒரேயடியாக வந்துவிட்டான். முப்பத்தொன்பது வயது, காதோரம் நரை. இரண்டு வாரத்தில் தொட்டியின் கம்பி வலையை மாற்றினான், மாட்டுக்குத் தரை போட்டான். மாசியில் ஒரு வாத்து டயருக்குள் உட்கார்ந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன். கரி, மிளகாய் வைத்துவிட்டு ஆணி எடுக்கப் போனேன். "ஆணி வேணாம். அந்தப் பூட்டு இருக்கா?" என்றான்.

கொண்டுவந்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அன்னிக்குப் பொரிச்சுச்சுல்ல?" என்றான்.

ஆத்தா பக்கத்தில் புளி உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்று நான்தான் கேட்டேன்.

"ஃபோன்ல கேட்டுச்சே. கீச்சுக் கீச்சுன்னு. நா கெளம்புறப்ப ஒரு கோழியும் அடையில இல்ல."

"தெரிஞ்சும் ஏண்ணே வரல?"

"நீங்க ரெண்டு பேரும் இல்லைன்னுட்டீங்க. அப்பறம் எங்கிட்டு வாரது?"

குத்திக் காட்டுகிற குரலே இல்லை. தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். குத்திக் காட்டியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். ஆத்தா முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஒனக்குக் கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதுய்யா" என்றாள். அவன், "விடு ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் பூட்டை முட்டைகளுக்கு நடுவில் வைத்தான்.

இன்று முப்பத்து மூன்றாம் நாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். யாரும் ஒரு முட்டையையும் எடுத்துக் குலுக்கிப் பார்க்கவில்லை. வாத்து காலையில் போய்க் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து உட்கார்ந்தது, அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் கொட்டகையில் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருக்கிறான். ஆத்தா மட்டும் விடிந்ததிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டாள், அவன் எங்கே என்று. மூன்று முறையும் கொட்டகையைக் கைகாட்டினேன்.