வலது கால் ஷூ

மல்லாபூரில் நான் லோடு ஏற்றும் கம்பெனியின் கேட்டுக்கு எதிரே, குடைக்கு அடியில் செருப்பு தைக்கிறார் மாணிக்கம் அண்ணன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என் வலது ஷூ வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. எட்டு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஷூ இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள், என் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

அண்ணன் ஷூவைப் புரட்டிப் பார்க்கிறார்.

“தம்பி, இது உன்னோடது இல்லையே. இதோட ஜோடியை நேத்துதான் தைச்சேன்.”

“யாருதுண்ணே?”

“நைட் ஷிஃப்ட் ஜஹீராபாத்காரன். உன் ரூம்தானே அவனும்?”

இருக்கலாம். ஒரு மாதமாக ஒரே பாயில் நான் இரவிலும் அவன் பகலிலும் படுக்கிறோம். முகம் பார்த்ததில்லை. நான் வந்த முதல் நாள் இருட்டில் ஜோடி மாறியிருக்கும்.

ஷிஃப்ட் முடிந்து வந்தவனை அண்ணன் கைதட்டிக் கூப்பிடுகிறார். என் வலது ஷூ அவன் காலில்தான் இருக்கிறது. மாற்றிக்கொண்டு பத்தடி நடக்கிறோம். அவன் நடைக்குத் தேய்ந்துபோன என் ஷூ என்னைக் கடிக்கிறது. அவனும் நொண்டுகிறான்.

“நக்கோ பாய், இது வேணாம், என்னோடதைக் குடு” என்று என் காலில் இருக்கும் என் ஷூவையே காட்டுகிறான்.

“மணி ஏழு ஐம்பத்தஞ்சு” என்கிறார் அண்ணன். “தூங்கப் போறவனுக்கு ஷூ எதுக்கு? தம்பி, நீ உன்னோடதையே போட்டுக்கிட்டு ஓடு. அவனோடதைத் தைச்சு வைக்கிறேன், சாயங்காலம் மாத்திக்குங்க.”

அவன் ஒற்றை ஷூவோடு எங்கள் பாய்க்குப் போகிறான். நான் என் சொந்த ஷூ கடிக்கக் கடிக்க, நொண்டிக்கொண்டே கேட்டுக்குள் நுழைகிறேன்.